மாநாட்டுக்கு வந்தவர்களுக்கு நான் காபி ஊற்றியது

அன்றைக்கு எனக்கு இட்ட வேலை காபி ஊற்றுவது.

எண்பதுகளின் தொடக்கம். அபுதாபியில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். அரபுத் தலைவர்களின் மாநாடு எங்கள் ஹோட்டலில். வழக்கமாகக் காபி ஊற்றும் சூடான்காரருக்குக் காய்ச்சல். அவருடைய அங்கி எனக்கு மட்டும்தான் பொருந்தியது. என் தகுதி அவ்வளவே.

மறுக்க வழியில்லை. கும்பகோணத்திலிருந்து மனைவியை அழைத்துவர மேலாளர் கையெழுத்து வேண்டும். அந்த லெபனான்காரர் ஒரு மாதமாகப் 'பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சமையலறையில் யாழ்ப்பாணத்துத் தர்மலிங்கம் அண்ணன் விளக்கினார்.

"இடக்கையில கேத்தல், வலக்கையில கோப்பை. மாத்திப் பிடிச்சியோ, நாளைக்குப் பிளேன்தான்."

"வேற?"

"வேற என்ன? சிரிச்ச முகமா நில்."

தலைவர்கள் வருமுன், யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று அவர்களுடைய அதிகாரிகள் காலையிலிருந்து ஒரு கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காபி ஊற்றவேண்டியது அவர்களுக்குத்தான். கோப்பையோ உள்ளங்கைக்குள் அடங்கும். அதிலும் சூடான்காரர் அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார். எண்ணெய் கொழிக்கும் நாட்டில் இப்படி ஒரு கஞ்சத்தனமா என்று எனக்கு வெகுநாள் வருத்தம். எங்கள் பக்கம் அரை டம்ளர் காபி கொடுத்தால் சம்பந்தமே முறியும்.

வெள்ளைத்தாடிக்காரர் ஒருவருக்கு விளிம்புவரை ஊற்றினேன். அவர் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அங்கியைத் திரட்டிக்கொண்டு வெளியே போனார்.

கழிப்பறைக்காக இருக்கும்.

இரண்டாமவரும் எழுந்தார். மூன்றாமவர் புருவத்தை உயர்த்தி ஆங்கிலத்தில், "இப்போதேவா?" என்றார்.

"இப்போதே குடித்தால்தான் சூடாக இருக்கும், சார்."

அவரும் போனார்.

காபியில்தான் கோளாறு என்று முடிவுசெய்து புதிதாக ஒரு கேத்தல் கொண்டுவந்தேன். இந்த முறை தாராளமாக, விரல் நனைய ஊற்றினேன். மிச்சமிருந்தவர்கள் மொத்தமாக எழுந்தார்கள். கூடத்தில் நானும் நிறைந்த கோப்பைகளும்.

சமையலறைக்கு ஓடினேன்.

"அண்ணே, ஒருத்தரும் குடிக்கலை. எல்லாரும் எழுந்து போயிட்டாங்க."

"எவ்வளவு வாத்தனி?"

"முழுசா. தளும்பத் தளும்ப."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "கொஞ்சமா வாத்தா, இருங்கோ எண்டு அர்த்தம். நிறைய வாத்தா, எழும்பிப் போங்கோ எண்டு அர்த்தம்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"வந்த சனத்தை நீ வீட்டுக்குத் துரத்துவாய் எண்டு ஆர் கண்டது?"

மேலாளர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. மனைவி புதுப்பெட்டி வாங்கி வைத்திருந்தாள். போகிற வழியில் மனத்துக்குள் அதைத் திரும்பக் காலிசெய்துகொண்டே போனேன்.

கூடத்தில் மேலாளர் கோப்பைகளைப் பார்த்தபடி நின்றார்.

"நீயா?"

"நான்தான், சார்."

"தலைவர்களின் விருந்துக்கு இங்கேதான் மேசை போடவேண்டும். காலையிலிருந்து இவர்களை எழுப்ப வழி தெரியாமல் சுற்றிச்சுற்றி வருகிறேன். விருந்தாளியைப் போ என்று நான் சொல்லமுடியுமா?"

எனக்குப் பின்னால் பணியாட்கள் மேசைகளோடு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து, விசாத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு வேறு ஆள் ஊற்றட்டும். மதியத்துக்குள் பேச்சு முடியாவிட்டால் நீ போ."