வலக்கைப் பரணி

வாழி! அங்குல நாடாவை ஆரமென மார்பில் அணிந்த அண்ணல், கத்தரிக்கோல் ஏந்திய காவலன், ஊசித் துளையில் ஒற்றைக்கண் பதித்து உலகையே ஊடுருவிப் பார்த்த வீரன், ‘எனக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது, உள்ளதை உள்ளபடிதான் சொல்லுவேன்’ என்று முப்பது ஆண்டுகளாய் முரசறைந்துவரும் நடுநிலைப் பேரரசன், எங்கள் கடைத்தெருத் தையல்காரன் வாழி! சொல்வளம் அருளும் தெய்வங்காள், எட்டடிக்குப் பத்தடிக் கடைக்குள் மூண்ட இப்பெரும்போரைப் பாட எனக்கு நா தாருங்கள். தர இயலாதெனில் குறுக்கே பேசாமலாவது இருங்கள்.

மாலை நான்கு மணி. மறுநாள் காலை ஒன்பதுக்குத் தலைமையாசிரியர் பதவிக்கான நேர்காணலில் ஐவர் முன் அமரவிருந்த கணக்கு வாத்தியார், புதிதாய்த் தைத்த கறுப்புக் கோட்டு அணிந்து கண்ணாடிமுன் நின்றார். தோள் பொருந்திற்று, இடை பொருந்திற்று, பொத்தான் ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. வெற்றிச் சங்கை ஊதவேண்டியதுதான் பாக்கி என்றிருந்த அந்நேரத்தில், மூலையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த தையல்காரன் மனைவி தலை நிமிர்ந்தாள்.

“என்னங்க, கோட்டுல வலது கை மட்டும் நீலமா இருக்கே?”

அன்னவள் எப்படிப்பட்டவள் எனில், பக்கத்து வீட்டுப் பூனைக்குத் தும்மல் வந்தால் தனக்கு மூன்று நாள் சோறு இறங்காதவள். முன்பின் அறியாத மணமகளின் ரவிக்கைக்கு ஊக்கு வைக்கும்போதே ‘பாவம், புருஷன் வீட்டுல எப்படியிருக்கப் போகுதோ’ என்று மூக்கை உறிஞ்சுபவள். ஆகவே நம் நாயகன், மலைமேல் நின்று மடுவை நோக்கும் மன்னன்போல் அவளை நோக்கி முழங்கினான்:

“நீ எதையும் மனசால பாக்கிறவ. நான் கண்ணால பாக்கிறவன். இது கறுப்பு.”

முழங்கியதோடு நிற்கவில்லை, ஆதாரப் படைகளை அணிவகுத்தான். கறுப்புத் துணிச்சுருள் இருப்பது மேல்தட்டில், கை வெட்டியது மேல்தட்டுத் துணியில், வெட்டியவனோ தான், ஆகவே கறுப்பு. எஃகுக் கோட்டை போன்ற இத்தருக்கத்தில் ஒரே ஓர் ஓட்டை: அதே மேல்தட்டில் கறுப்புக்கு அருகிலேயே கருநீலமும் படுத்திருந்தது, வெட்டிய வேளையில் குழல்விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. குளிர்ந்த மூளைக்காரர்களின் கூத்தே இதுதான். அடுத்தவர் துணி சாயம் போகுமா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கிற அறிவு, தன் துணி என்று வந்தவுடன் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு தனக்கே வக்கீலாகிவிடும். பீஸும் கேட்காது, தோற்கவும் தோற்காது.

கணக்கு வாத்தியாரோ கரும்பலகைக்கு வெளியே எந்த விடையும் இல்லாதவர். கடைசியாகப் பேசியவர் கண்டதையே தம் கண்ணிலும் காணும் நல்லிணக்கச் செம்மல். “கறுப்புதான் சார்” என்றார். மனைவி முறைத்தாள். “லேசா நீலம் அடிக்குதோ?” என்றார். தையல்காரன் செருமினான். “கறுப்புல இதெல்லாம் சகஜம்தானே சார்” என்று இரு கரையிலும் ஒவ்வொரு காலை வைத்து வியர்த்தார்.

இந்நிலையில் மடித்த துணிமூட்டையோடு களம் புகுந்தான் எதிர்க்கடை இஸ்திரிக்காரன்: பன்னிரண்டு ஆண்டுகளில் எவரோடும் ஒரு கட்சியில் நின்றறியாத எதிர்வாதச் சிங்கம், மழையில் நனைந்தபடியே ‘மழையெல்லாம் இல்ல’ என்று சாதித்த மாவீரன். வந்தவன் தலைகளை எண்ணினான். கறுப்புக்கு ஒன்றரை, நீலத்துக்கு ஒன்று.

“நீலம்ணே! கண்ணு அவிஞ்சா போச்சு?”

மூண்டது போர். அங்குல நாடா மதயானைத் துதிக்கையெனச் சுழன்றது. துணியில் கோடிழுக்கும் சாக்குக்கட்டிகள் அம்பெனப் பறந்தன. தையல் இயந்திரத்தின் சக்கரம், யாரும் மிதிக்காமலே, தேர்க்காலெனத் திடுக்கிட்டு அரைச்சுற்றுச் சுற்றி நின்றது. அமளியைப் பிளந்தெழுந்தது மனைவியின் குரல்:

“அடர் நிறமெல்லாம் வாசல் வெளிச்சத்துலதான் பாக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, வாங்க வாசலுக்கு!”

மறுக்க வழியில்லை, அது அவனே இயற்றிய சட்டம். நால்வரும் வாசல் சென்றனர். மேற்கே சாய்ந்த கதிரவன் வாத்தியாரின் இரு கைகளிலும் ஒளி பொழிந்தான். இடக்கை, நனைந்த காக்கையின் சிறகு. வலக்கையோ நண்பகற் கடல்! தெருவில் போன மிதிவண்டிக்காரர்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

நாயகன் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

“இன்னிக்கு வெயிலே சரியில்ல” என்றான்.

மன்னர் மாளிகைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் ஓரவஞ்சனையின்றி ஒளி வழங்கிய ஞாயிறு, தன்மேல் சுமத்தப்பட்ட முதல் பழியைக் கேட்டு மேகத்தில் முகம் புதைத்தது.

“நீலம்தான் சார்” என்றார் வாத்தியார், வாழ்வில் முதன்முறையாக யாரையும் பார்க்காமல். “நாளைக்கு அஞ்சு பேரும் என் கையத்தான் சார் பாப்பாங்க. மூணு வருஷமா இதுக்குத்தான் சார் காத்திருந்தேன்.”

தையல்காரன் மனைவியை நோக்கினான். ஒரு துளி கண்ணீர் கண்டால் போதும், ‘அழுகிறவள் பேச்சு’ என்று தள்ளிவிடலாம். துளியில்லை. ஊருக்கெல்லாம் அழுத அக்கண்கள் அன்று வெட்டவெளிபோல் வறண்டிருந்தன.

“அழலீங்க. பாத்துதான் சொல்றேன். நீலம்.”

அப்போதும் அசையவில்லை அந்தக் கருங்கல் நெஞ்சம். ஆனால் இஸ்திரிக்காரன் மறுபடி தலைகளை எண்ணினான். மனைவி நீலம், வாத்தியார் நீலம், மிதிவண்டிக்காரர் நீலம், வானமே நீலம். கூட்டத்தோடு தானும் நிற்பதை உணர்ந்ததும் உடம்பெல்லாம் அரித்தது அவனுக்கு. ஓரடி நகர்ந்தான், தையல்காரனின் தோள்மேல், தணல் நிரம்பிய இஸ்திரிப் பெட்டியை வைப்பதுபோல், கையை வைத்தான்.

“நல்லாப் பாத்தா கறுப்புதான்ணே. நீ சொல்றதுதான் சரி. நானும் நீயும் ஒரு கட்சி!”

ஆயிரம் பகைவர் சூழினும் அஞ்சாதவன், ஆதவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவன், தருக்க மதில்களால் தன்னைத்தானே காத்துநின்ற தனிப்பெரும் வேந்தன், பன்னிரண்டாண்டுகளில் சற்றுமுன் சொன்ன ‘நீலம்’ தவிர ஒருமுறைகூடச் சரியாய்ச் சொல்லியிராத அந்தத் திருவாய் தன்னை ஆமோதித்ததைக் கேட்டுக் குலைநடுங்கி, வேரோடு சாயும் விருட்சமென, உடைந்த கொடிமரமென, ஒரு கணம் தள்ளாடி நின்றான்.

தையல்காரர் கோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து வலது கையைப் பிரித்தார்.