மடங்காத துப்பாக்கி

சனிக்கிழமை காலையில் கண்ணாடிக் கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மடியில் பழைய துப்பாக்கிகளைப் பற்றிய தடித்த புத்தகம். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு படம். அந்தப் படத்தில் இருக்கும் துப்பாக்கி அவர் வீட்டுப் பீரோவிலேயே இருக்கிறது!

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர் பத்தொன்பது வருஷமாகத் தன் வீட்டில் இருப்பதைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. பார்த்தார், கேலி செய்தார்.

மாமனார் தன் மகளுக்கென்று விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கி அது. வீட்டுக்கு வந்த அன்றே மாப்பிள்ளை அதைத் திறக்கப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த இரட்டைக்குழல் எல்லாம் நடுவில் மடங்கும், மடக்கித் தோட்டா போடலாம். இது மடங்கவில்லை. முழங்காலில் வைத்து ஓங்கி அமுக்கினார். அப்புறம் நாலு நாள் முழங்காலும் மடங்கவில்லை.

"உங்கப்பா துருப்பிடிச்ச இரும்பை நம்ம தலையில கட்டிட்டுப் போயிட்டார்" என்று அன்றைக்கு ஆரம்பித்தவர், வருகிற விருந்தாளிக்கெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தார். மனைவி ஒரு நாளும் சிரித்ததில்லை. தையல் வகுப்பு நடத்துகிறவர் அவர். மாதம் ஒரு தடவை தையல் மெஷினுக்கு எண்ணெய் விடும்போது அப்பாவின் துப்பாக்கிக்கும் நாலு சொட்டு விட்டுவிட்டு வருவார்.

புத்தகம் வேறு கதை சொன்னது. பிரான்சில் செய்த அபூர்வ வகையாம். குழல் அசையவே அசையாதாம். மேலே இரண்டு காது வைத்த ஒரு பிடி இருக்குமாம். அதைத் தூக்கிப் பின்னால் இழுத்தால், குழலின் பின்வாயை அடைக்கும் பூட்டுக்கட்டை அப்படியே சறுக்கிக்கொண்டு வருமாம். குழலிலும் கட்டையிலும் ஒரே எண் இருந்தால் யோகம்தானாம்!

கூடத்தில் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அவர் பூனை மாதிரிப் போய்ப் பீரோவைத் திறந்தார். இரண்டு காது. இருக்கிறது! தூக்கினார், இழுத்தார். வெண்ணெயில் கத்தி போவதுபோல் வந்தது. குழலில் 4417. கட்டையில் 4417. புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மறுபடி புரட்டி ஒத்துப் பார்த்தார். சத்தம் போடாமல் குதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

குதிக்கக் காரணம் இருந்தது. பழந்துப்பாக்கிச் சங்கத்தில் அவர் பதினோரு வருஷ உறுப்பினர். இதுவரை ஒரு துப்பாக்கியும் கொண்டுபோனதில்லை, பேச்சு மட்டும் பீரங்கி. அங்கே அவருக்குப் பெயரே வெத்துவேட்டு. ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக்கும் வெறுங்கையோடு வந்தால் பெயரை அடித்துவிடுவோம் என்று சங்கத் தலைவரான பல் டாக்டர் கடிதமே எழுதிவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல். மனைவியிடம் கேட்க வேண்டும். உண்மையைச் சொல்லிக் கேட்டால் பத்தொன்பது வருஷத் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குச் செத்தே போகலாம்.

"இந்தா, அந்தத் துருப்பிடிச்ச துப்பாக்கி இருக்குல்ல?"

"இருக்கு. அதுக்கென்ன இப்போ?"

"சும்மா பீரோவை அடைச்சுக்கிட்டு இருக்கு. நாளைக்குச் சங்கத்துல கொண்டுபோய் வைக்கலாம்னு பார்த்தேன்."

"துருப்பிடிச்சதையா?"

"உதவாத துப்பாக்கிக்குன்னு தனி மேஜை போடுறாங்க."

"அப்படியா? நீங்க எந்த மேஜையில உட்காருவீங்க?"

அவர் பீரோ கதவில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"சரி, கொண்டுபோகலாம். ஆனா லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. நீங்க தனியாத் தூக்கிட்டுப் போனா போலீஸ் பிடிச்சுக்கும். நானும் வரேன்."

"உனக்கெதுக்கு வீண் அலைச்சல்?"

"ஒரு ஓரமா உட்கார்ந்துக்கறேங்க. வாயே திறக்க மாட்டேன்."

மறுநாள் காலையில் மனைவியே துப்பாக்கியைப் பையில் போட்டு ஏழு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். "வழியில அவிழ்க்காதீங்க, சட்டையில எண்ணெய் ஒட்டிக்கும்." என்ன அக்கறை என்று அவர் உருகிப்போனார்.

சங்கத்தில் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பார்வையாளர்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி நடுமேஜைக்குப் போனார். "எல்லாரும் வாங்க! பத்து வருஷம் தேடிக் கண்டுபிடிச்சேன். குழல் மடங்காத பிரெஞ்சுத் துப்பாக்கி!" கூட்டம் மொய்த்தது. வெத்துவேட்டு என்று கூப்பிட்டவர்களெல்லாம் கழுத்தை நீட்டினார்கள். அவருக்கு வானத்தில் மிதப்பதுபோல் இருந்தது. ஏழு முடிச்சையும் அவிழ்த்தார். "இப்போ இந்தக் காதைப் பிடிச்சுத் தூக்கி..."

காது இல்லை. பூட்டுக்கட்டையே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம்.

பல் டாக்டர் குனிந்து குழல் வழியாகப் பார்த்தார். "பின்னால ஒண்ணுமே இல்லையே. இந்தப் பக்கமிருந்து பார்த்தா உங்க சட்டைப் பொத்தான் தெரியுது."

கண்ணாடிக்காரர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் ஓடிப்போய் மனைவியின் காதோடு கேட்டார்.

"கட்டை எங்கேடி?"

"எந்தக் கட்டை? துருப்பிடிச்ச இரும்புக்கு ஏதுங்க கட்டை?"

"மானம் போகுது!"

"நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல உங்க கட்டைவிரல் எண்ணெயா ஒட்டியிருந்துச்சு. என் மெஷின் எண்ணெய் வாசம் எனக்குத் தெரியாதா? எங்கப்பா என்ன கொடுத்தார்? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"நல்ல துப்பாக்கி."

"கேக்கலை."

"நல்ல துப்பாக்கி!"

"திறக்கத் தெரியாதது யாருக்கு?"

"எனக்கு! எனக்குத்தான்!"

கூட்டம் சிரித்தது. மனைவி எழுந்து வந்து, கைப்பையிலிருந்து பூப்போட்ட துணியைப் பிரித்துக் கட்டையை எடுத்தார். தையல் மெஷினில் பாபின் மாட்டுகிற லாகவத்தில் உள்ளே சறுக்கவிட்டுக் காதை அமுக்கினார். டக்! "எட்டு வயசுல அப்பா கத்துக்கொடுத்தது. ஒரு ஸ்க்ரூகூட கழட்ட வேண்டாம், கையாலேயே வந்துடும்" என்று மறுபடி கழற்றி இரண்டு எண்களையும் காட்டினார். கைதட்டல் ஓயவில்லை. கண்ணாடிக்காரரும் தட்டினார். அவமானம் ஒரு பக்கம் இருந்தாலும், பெயர் பிழைத்ததே என்ற சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு.

பல் டாக்டர் பதிவேட்டை விரித்தார். "லைசென்ஸ் யார் பேர்ல?"

"என் பேர்ல" என்றார் மனைவி.

டாக்டர் பழைய பெயர் ஒன்றை அடித்துவிட்டுப் புதிய பெயரை நிதானமாக எழுதினார். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "சார், பார்க்க வந்தவங்க கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கணும்" என்றார்.