கேள்விப் பெட்டியில் புளி

காலை ஒன்பதே காலுக்குள் கருத்தக்கண்ணன் சார் பீரோவை இரண்டு தடவை குடைந்துவிட்டார். கேள்விப் பெட்டியைக் காணவில்லை.

"பதினோரு மணிக்கு வந்துருவாங்க சார்," என்றார் தலைமையாசிரியை தமிழ்ச்செல்வி. "இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம், மாலத்தீவு. அஞ்சு நாட்டு டீச்சர்மாரு. மதுரையில எம்புட்டுப் பள்ளிக்கூடம் இருக்கு! உங்க ஏழாம் வகுப்பைத்தான் பாக்கணும்னு அவங்களாக் கேட்டிருக்காங்க."

கேட்காமல் என்ன செய்வார்கள்? ஒரு நாட்டு வகுப்பில் நடக்கும் நல்ல காரியத்தை அக்கம்பக்கத்து நாடுகளும் பழகிக்கொள்ளட்டும் என்று ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தார்கள். போன வருஷம் கருத்தக்கண்ணன் அதற்கு ஒரு கட்டுரை அனுப்பினார். என் மாணவர்கள் தினமும் பெட்டியில் கேள்வி எழுதிப் போடுகிறார்கள், அதில் ஒன்றை எடுத்து வகுப்பே விவாதிக்கிறது, ஆண்டு முழுக்க நடக்கிறது என்று எழுதியிருந்தார். சான்றிதழ் வந்தது. மேலே கொடிகள் வரிசையாக, கீழே கூட்டமைப்பின் முகவரி. சட்டம் போட்டு வகுப்புச் சுவரிலேயே மாட்டிவிட்டார்.

பெட்டி நடந்தது மொத்தம் இரண்டு நாள்.

இரண்டாம் நாள் எடுத்த சீட்டு மீனாவுடையது. "மழைத்துளி மேல விழுந்தா கொசு செத்துருமா சார்?"

"செத்துரும்," என்றார் சட்டென்று.

"அப்ப மழைக்காலத்துல நம்மளக் கடிக்கிறது யாரு சார்?"

வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபது வருஷ சர்வீஸில் அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. சீட்டைத் திரும்ப உள்ளேயே போட்டு, பெட்டி ரிப்பேர் என்று சொல்லித் தூக்கி வைத்துவிட்டார். அதன் பிறகு மீனா கை தூக்கினால் ஜன்னலைப் பார்ப்பார். ஒரு சின்னப் பிள்ளைக்குப் பயந்து ஜன்னலைப் பார்க்கிறோமே என்று அவருக்கே வெட்கமாக இருக்கும். வெட்கம் வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பார்.

பெட்டி சத்துணவுக் கூடத்தில் இருந்தது.

"மூடி நல்லா இறுக்கமா இருந்துச்சு சாரு," என்றார் சமையல் செய்யும் முத்துத்தாய். "புளி போட்டு வச்சிருக்கேன்."

"அது கேள்வி போடுற பெட்டி, அக்கா!"

"யாரு போட்டா? வருஷமா இங்கதான கெடக்கு."

புளியைக் கொட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உள்ளே அடியில் புளி பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. கழுவ நேரமில்லை. நூறு கேள்வியாவது வேண்டும். தானே உட்கார்ந்து பத்து எழுதிய பிறகுதான், எல்லாம் ஒரே கையெழுத்து என்பது உறைத்தது.

"ஆளுக்கு மூணு கேள்வி எழுதுங்கடா! சீக்கிரம்!"

"என்ன கேள்வி சார்?" என்றான் முபீன்.

ஒரு வருஷமாகக் கேள்வியே கேட்காத வகுப்பு. அவர் மேஜை மேலிருந்த புத்தகத்தைக் காட்டினார். "பாடப் புத்தகத்துல பின்னாடி இருக்குல்ல, அதப் பாத்து எழுதுங்க."

பத்து நிமிஷத்தில் நூறு சீட்டு சேர்ந்துவிட்டது. எல்லாம் பளிச்சென்று வெள்ளைவெளேர். ஒரு வருஷத்துப் பழைய சீட்டு இப்படியா இருக்கும்? தமிழ்ச்செல்வி டீச்சரின் டீயை வாங்கி எல்லாவற்றிலும் தெளித்தார். சீட்டுகள் அழகாகப் பழுத்தன. டீச்சர் டீக்கு மூன்று ஸ்பூன் சீனி போடுவார் என்பது அவருக்குத் தெரியாது. மின்விசிறிக் காற்றில் சீட்டுகள் காய்வதற்குள் எறும்புக்குத் தகவல் போய்விட்டது.

"வேன் ஆனையூர் தாண்டிருச்சாம் சார்!" என்று வாசலிலிருந்து கூவினார் தமிழ்ச்செல்வி.

அப்போதுதான் முதல் பெஞ்சில் கை உயர்ந்தது. மீனா.

"சார், அவங்ககிட்ட நாங்களும் கேள்வி கேக்கலாமா?"

"நீ ஒண்ணு பண்ணு தாயி. முத்துத்தாயக்காவுக்கு ஒத்தாசையா வெங்காயம் உரி. நான் கூப்பிடுற வரைக்கும் அங்கேயே இரு."

"வெங்காயம் நேத்தே உரிச்சாச்சு சார்."

"அப்ப பூண்டு உரி!"

அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

ஐந்து பேரும் உள்ளே வந்தார்கள். பூட்டான்காரர் கையிடுக்கில் நீளமாகச் சுருட்டிய அட்டை ஒன்றை வைத்திருந்தார். நமக்குத்தான் ஏதோ நினைவுப் பரிசு என்று கருத்தக்கண்ணன் மனசுக்குள் குறித்துக்கொண்டார். இலங்கையிலிருந்து வந்தவர் யாழ்ப்பாணத்து டீச்சர். மற்றவர்களுக்கு அவர்தான் மொழிபெயர்ப்பு.

"இதுதானோ சேர் அந்தப் பெட்டி?"

"ஆமாங்க. தினமும் நடக்குது."

டீச்சர் ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார். "'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன? ஐந்து மதிப்பெண்.'" நிமிர்ந்தார். "உங்கட பிள்ளையள் மார்க்கும் போட்டுத்தானோ சேர் கேள்வி கேக்கினம்?"

"ரொம்பக் கவனமான பிள்ளைங்க."

அடுத்த சீட்டு: "'எவையேனும் மூன்றனுக்கு மட்டும் விடையளி.'"

வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். நேபாளத்துக்காரர் ஆசையாகக் கையை விட்டுவிட்டு, இரண்டு எறும்போடு வெளியே எடுத்து உதறினார். மாலத்தீவுக்காரர் பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

"புளி மணக்குதாம், சேர்."

"எங்க ஊர் மரப்பெட்டிங்க. அந்த வாசம் இருக்கும்." பொய் இவ்வளவு சரளமாக வருவது கண்டு அவருக்கே கூசியது. தலைமையாசிரியை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

யாழ்ப்பாணத்து டீச்சர் இப்போது பெட்டியின் அடிவரை கை விட்டார். புளியில் ஒட்டிக் கிடந்த ஒரு சீட்டைப் பிய்த்தெடுத்தார். அதற்கு டீ தேவைப்படவில்லை. நிஜமாகவே பழசு.

"'மழைத்துளி மேல விழுந்தா கொசு செத்துருமா? மீனா.'"

அதை அவர் மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார். ஐந்து பேர் முகமும் மலர்ந்தது. பூட்டான்காரர் கையிடுக்கிலிருந்த சுருளை எடுத்து நிமிர்த்திக்கொண்டார்.

"இந்த மீனா எங்கை சேர்?"

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சத்துணவுக் கூடம் முப்பது அடி தூரம். கூப்பிட்டால் கேட்கும். ஆனால் கூப்பிட்டால் அவள் வந்து, வந்த கையோடு கேட்டுவிடுவாளே!

"அந்தப் பிள்ளை இன்னைக்கு லீவுங்க," என்றார்.

முபீன் வாயைத் திறந்தான். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். ஆனால் முப்பத்தேழு பிள்ளைகளின் தலையும் ஒரே நேரத்தில் சத்துணவுக் கூடத்துப் பக்கம் திரும்பி, மறுபடி அவர் பக்கம் திரும்பியது. அந்த முப்பத்தேழு பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் வழியாக, சத்துணவுக் கூடத்து வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த மீனா தெரிந்தாள்.

டீச்சர் மற்றவர்களிடம் லீவு என்பதைச் சொன்னார். பூட்டான்காரர் சுருளைப் பெஞ்சின் மேல் மெல்ல வைத்தார். அது தானாகக் கொஞ்சம் விரிந்தது. உள்ளே ஐந்து விதமான எழுத்துகள், பக்கத்தில் பிள்ளைகள் வரைந்த படங்கள். எல்லாப் படத்திலும் மழை. எல்லா மழையிலும் ஒரு கொசு.

டீச்சர் கைப்பையிலிருந்து கசங்கிய கடிதம் ஒன்றை எடுத்தார். அதன் மேல், சுவரில் தொங்கிய சான்றிதழின் அடியில் இருந்த அதே முகவரி, பள்ளிப் பிள்ளையின் குண்டு எழுத்தில்.

"நாங்கள் உங்கட பெட்டியைப் பாக்க வரேல்லை சேர்," என்றார். "'எங்க சாருக்கு இதுக்குப் பதில் தெரியல, உங்க நாட்டுல யாருக்காச்சும் தெரியுமா, ஆனா அவரைத் திட்டிராதீங்க, தெரியாதுன்னு சொல்ல அவருக்குக் கூச்சம்' எண்டு எழுதின அந்தப் பிள்ளைக்குப் பதில் கொண்டு வந்தனாங்கள்."