நம்ம குரூப் ஆள்

நம்ம குரூப் ஆள் என்று ஓர் இனம் உண்டு. தேடவே வேண்டாம், உங்கள் கடைத்தெருவிலும் இருப்பார். நேற்றுவரை சாதாரண டைல்ஸ் கடைக்காரர். பெயின்ட் கடை, பூட்டுக் கடை, பிளம்பர், லாரிக்காரர் என்று எட்டுப் பேரோடு கூடி, வருகிற வாடிக்கையாளரை ஒருவருக்கொருவர் அனுப்பிவைப்பது என்று பேசி முடித்து, ஆளுக்கொரு நீலச் சட்டையும் தைத்துக்கொண்ட அன்றே உலகம் அவருக்கு இரண்டாகிவிட்டது. எதிர்வரிசையில் இதே மாதிரி இன்னொரு குழு, பச்சைச் சட்டையில். அவர்கள் செய்த குற்றம்? இவர்களைப் போலவே யோசித்ததுதான்.

தலைவலி மாத்திரைக்கு நாலு தெரு நடப்பார். எதிரே இருக்கும் மருந்துக்கடை பச்சை. பச்சைக் குழுவில் மின்விசிறி விற்கும் மச்சானிடம் மனைவி மூலமாகத்தான் நலம் விசாரிப்பார். மச்சான் சும்மா கொடுத்த விசிறி பரண்மேல் இருக்கிறது. நம் ஆள் வியர்வையில் இருக்கிறார்.

அப்படிப்பட்டவருடைய கடை ஷட்டர் ஒருநாள் காலை முழங்கால் உயரம் ஏறிச் சிக்கிக்கொண்டது. உள்ளே, புதிதாகக் கட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய இருநூறு பெட்டி டைல்ஸ். பதினோரு மணிக்குள் வராவிட்டால் பச்சைக் கடையில் வாங்கிக்கொள்வேன் என்று இன்ஜினியர் கறாராகச் சொல்லியிருந்தார். மணி ஒன்பதரை. எதிரே, பச்சைக் குழுவின் ஷட்டர் மெக்கானிக் முக்காலியில் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அவரைக் கூப்பிட்டா அஞ்சு நிமிஷ வேலைங்க" என்றார் மனைவி.

"அவன் பச்சை."

"ஷட்டர் அதெல்லாம் பாக்குதா?"

நம் ஆள் நீலக் குழுவின் செயலாளரான பூட்டுக் கடைக்காரருக்குப் போன் போட்டார். நம்ம ஆளையே அனுப்புகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றார் அவர். அதுவரை சும்மா இருக்க முடியுமா? நம் ஆள் படுத்து, ஷட்டருக்கு அடியில் ஊர்ந்து போகப் பார்த்தார். தலை போயிற்று, தோள் போயிற்று, தொப்பை சம்மதிக்கவில்லை. மனைவியும் லாரிக்காரரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள்.

தூசியைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே முக்காலி காலி. அதே மெக்கானிக், நீலச் சட்டையில், கையில் கருவிப் பெட்டியோடு பக்கத்தில் நிற்கிறார்.

"நீயா?"

"மூணு வருஷமா உங்க குரூப் ஷட்டரையும் நான்தாங்க பாக்கறேன். இந்தச் சட்டை உங்க செயலாளர் குடுத்தது."

மணி பத்து. நம் ஆள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். மெக்கானிக்கின் கழுத்தோரம் உள்ளே பச்சை லேசாக எட்டிப் பார்த்தது.

"மேல் பட்டனைப் போட்டுக்கப்பா" என்றார்.

ஐந்தே நிமிடத்தில் ஷட்டர் ஏறியது. பத்தே முக்காலுக்கு டைல்ஸ் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது. அந்த வாரக் கூட்டத்தில், நம்ம குரூப் ஆள் மாதிரி வேலை தெரிந்தவன் எதிர்வரிசையில் ஒருத்தன் உண்டா என்று அவர் கேட்டபோது, செயலாளர்தான் முதலில் கைதட்டினார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. யாராவது உங்களிடம் நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார் என்றால், வேலை எப்படி என்று கேட்பதற்கு முன், "அவர் யாரோட ஆள்?" என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

அப்படியானால் உங்கள் சட்டை அளவைச் சொல்லுங்கள். தைக்கக் கொடுத்துவிடலாம்.