பன்னிரண்டு துண்டு ஒற்றுமை

நாடுகள் கிழித்துப்போட்ட மனித குலத்தை ஓர் ஊசியே தைத்து ஒன்றாக்கும் என்று இன்ச்சியோன் நல மையத்தில் திருமதி ஹான் முழங்கியபோது, அர்வா கையிலிருந்த துணியைத் தன் பாவாடையோடு சேர்த்துத் தைத்திருந்தாள்.

பட்டறையில் திருமதி ஹானையும் சேர்த்துப் பதினொரு கொரியப் பெண்கள். அகதி அர்வா ஒருத்திதான். ஆளுக்கொரு துண்டு வீட்டில் தைத்து வரவேண்டும். பன்னிரண்டையும் இணைத்து 'ஒற்றுமைத் திரை' என்று ஜன்னலில் தொங்கவிடுவார்கள்.

"மேடம், எனக்குத் தையல் வராது. ஏமன்ல நான் மருந்துக்கடை வச்சிருந்தேன்."

"என்ன அடக்கம் பாருங்க! அவங்க ஊர்ல பொண்ணுங்க ஊசியோடவே பொறப்பாங்க."

அர்வா துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். வியாழக்கிழமை அகதி அந்தஸ்து விசாரணை. 'உள்ளூர் மக்களோடு ஒன்றிப் பழகுகிறார்' என்று மையம் ஒரு கடிதம் கொடுத்தால் பலம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதில் கையெழுத்துப் போடவேண்டியவள் திருமதி ஹான்.

எதிர்ச் சந்தையில் ஆல்டரேஷன் கடையில் வேலை செய்யும் மியான்மர்க்காரி கின் மாரிடம் துண்டைக் கொடுத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க" என்றாள் கின் மார், தலை நிமிராமல்.

துண்டு தேவைக்கு மேலேயே அழகாக வந்துவிட்டது. திருமதி ஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆயிரம் வருஷப் பாரம்பரியம்! திறப்பு விழாவுல வட்டாரத் தலைவர் முன்னாடி நீங்க தைச்சுக் காட்டணும்."

மறுநாள் அர்வா விரலில் கட்டோடு வந்தாள். "அடிபட்டிருச்சு மேடம்."

"இன்னும் நல்லதாப் போச்சு! காயத்தோட தைக்கிற கை! பத்திரிகைக்காரங்களையும் கூப்பிட்டுடறேன்."

புதன்கிழமை விழா. தலைவர் திரையின் ஓரத்தைப் பிடித்தபடி கேமராவுக்குச் சிரித்தார். அர்வா நாலு தையல் போட்டாள். கைதட்டல். தலைவர் கையை இழுத்தார். திரையும் கூடவே வந்தது. கோட்டுக் கை ஒற்றுமையில் சேர்ந்துவிட்டிருந்தது.

"கத்தரி எங்கே?"

"ஐயோ, திரையை வெட்டிடாதீங்க!" என்று பதறினாள் திருமதி ஹான்.

"நீங்க பிரிச்சு விடுங்களேன்" என்றாள் ஒருத்தி, பக்கத்திலிருந்தவளிடம்.

"நீங்களே பிரிங்க, நீங்கதானே அவ்வளவு நேர்த்தியாத் தைச்சீங்க!"

பதினொரு பேரில் ஒருத்தியும் கிட்டே வரவில்லை. காவலாளி ஓடிப்போய்க் கின் மாரைக் கூட்டி வந்தார். அவள் ஒரு நிமிடத்தில் தலைவரை விடுவித்து, பிரிந்த ஓரத்தைத் தைத்து, மூலையில் குட்டியாக ஒரு மும்முடிச்சுப் போட்டாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் அர்வா பார்த்தாள். பன்னிரண்டு துண்டுகளின் மூலையிலும் அதே மும்முடிச்சு.

அவள் திரும்பினாள். பத்துப் பேர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருமதி ஹான் மட்டும் கோப்பைத் திறந்து, அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை அர்வாவின் கையில் திணித்தாள்.

"இந்தாம்மா. இப்ப எதுவும் பேச வேண்டாம்."

தலைவர் கோட்டுக் கையைத் தடவிப் பார்த்தார். "பிரமாதம்! நீங்க ஏம்மா இந்தப் பட்டறைல சேரலை?"

கின் மார் நூலைப் பல்லால் கடித்தாள்.

"முதல் நாளே பேர் குடுக்க வந்தேன் சார். அகதிக்கு ஒரே இடம்தான், ஏமன்காரங்க வந்துட்டாங்கன்னு மேடம் சொல்லிட்டாங்க."