சாரம் கட்டிய காத்தாடி

லண்டன் மாநகரத்தில் கரண்ட் எடுக்கவென்று காத்தாடி செய்து, இருட்டும் நேரம் பார்த்து அதை ஓடவிடாமல் கட்டிவைத்த ஒரே மனிதர் எங்கள் காத்தாடி அண்ணைதான். அவருடைய சொந்தப் பெயர் தாய்க்கும் இமிகிரேஷன்காரருக்கும் மட்டுமே தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பையோடு கோலியர்ஸ் வுட்டில் அவருடைய வாடகை வீட்டுக்குப் போனேன். ஏற்கெனவே ஆட்கள் ஷிப்ட் போட்டுப் படுத்தார்கள்.

"படுக்க இடமிருக்கோ, அண்ணை?"

"வௌவால் வீட்டுக்கு விருந்து வந்திருக்கிறீர். நானும் தொங்கிறன், நீரும் தொங்கும்."

படிக்கட்டுக்குக் கீழே இடம் கிடைத்தது. காலை நீட்ட முடியாது, மழை படாது. அது போதும்.

அண்ணைக்கு வேலை பெட்ரோல் ஸ்டேஷனில். பழைய காரின் டைனமோ, யாரோ தெருவில் எறிந்த கட்டில் பலகை, சைக்கிள் செயின் எல்லாம் சேர்த்து ஒரு கோடை முழுக்கப் பாடுபட்டுப் பின்வளவில் காத்தாடியை நிறுத்தினார். குசினி வாசலில் ஒரு பல்ப்பும் தொங்கியது.

ஊரில் கணக்குப் படிப்பித்து, இங்கே கடையொன்றில் கோழி பொரித்துக்கொண்டிருந்த மாஸ்டர் கொடுப்புக்குள் மறைத்துச் சிரித்தார். "கரண்ட் வராது, அண்ணை. உடுப்புக் காயப்போடலாம்."

"வாற ஞாயிறு இருட்ட முன்னம், மைம்மலுக்குள்ளை பல்ப் எரியும். எரியாட்டி நானே கழட்டிக் குப்பையிலை போடுறன்!"

அடுத்த நாள் அந்திநேரம் காத்தாடி இறக்கையில் அடிபட்டு ஒரு குட்டி வௌவால் அண்ணையின் காலடியில் விழுந்தது. சப்பாத்துப் பெட்டிக்குள் துணி விரித்துப் படுக்கவைத்து வாழைப்பழம் ஊட்டினார். ஊர் வௌவால் என்றால் விட்டிருக்குமா? இது திரும்பியும் பார்க்கவில்லை.

"லண்டன் சாப்பாடு பிடிக்கேல்லைப் போல," என்றார் மாஸ்டர்.

அண்ணை யார் யாரையோ விசாரித்து, வௌவால் பராமரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை வரச்சொல்லிவிட்டு, எங்களிடம் சொல்ல மறந்துபோனார். கதவு தட்டப்பட்டது. ஜன்னலால் பார்த்தோம்: கோட்டு, கையில் ஃபைல். இமிகிரேஷனேதான்! ஒருவர் அலுமாரிக்குள் போனார். நான் கட்டிலுக்குக் கீழே. மாஸ்டர் வேலி பாய்ந்துவிட்டார்.

வந்தவள் அந்த வௌவால்காரிதான். காயப்பட்டதைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு, கூரைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனாள். மாஸ்டர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"என்னவாம்?"

"கூரைக்குள்ளை வௌவால் குடும்பமே இருக்காம். சட்டப்படி ஒருத்தரும் வீட்டை விட்டு எழுப்பேலாதாம்."

"எங்கடை அகதிக் கேஸ் வருசக்கணக்காக் கிடக்குது. வௌவாலுக்கு நிரந்தர விசாவோ!"

எல்லோரும் சிரித்தோம். அண்ணை சிரிக்கவில்லை. இவை பூச்சி பிடிக்க வெளிக்கிடுவது இருட்டும் நேரத்தில்தான், அதுவும் மெல்லிய காற்றில். அப்போது காத்தாடியை நிறுத்திவைக்க வேண்டும் என்றும் அவள் சொல்லியிருந்தாள்.

ஞாயிறு வந்தது. அக்கம்பக்கத்துத் தமிழரெல்லாம் பின்வளவில் கூடினார்கள். நாள் முழுக்கக் காற்று அசையவில்லை. இருள் விழுகிற நேரம் பார்த்து மெல்ல வீசத் தொடங்கியது. காத்தாடி சுற்ற, பல்ப்புக்குள் கம்பி சிவந்தது.

"வருது, வருது!" என்று துள்ளியவர் மாஸ்டரேதான்.

அந்த நேரம் கூரை ஓட்டுக்குள்ளிருந்து முதல் வௌவால் வெளியே வந்தது.

அண்ணை பல்ப்பைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு ஏணியில் பாய்ந்து ஏறினார். கையில் வேறொன்றும் இல்லை. உடுத்திருந்த சாரத்தையே உருவி இறக்கைக்குள் எறிந்தார். காத்தாடி அதைச் சுருட்டிக்கொண்டு நின்றது. பல்ப் அணைந்தது. ஊர் பார்க்க அரைக் காற்சட்டையோடு ஏணியில் நின்றவரின் தலைக்கு மேலால் வௌவால்கள் ஒவ்வொன்றாகப் பறந்து போயின.

மறுநாள் காலை, சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஸ்பானரோடு வந்தார். ஏணிக்கு முன்னால் மாஸ்டர் நின்றார்.

"எங்கை போறியள்?"

"கழட்டத்தான். ஞாயிறு எரியேல்லையே."

"வாற ஞாயிறு எண்டுதானே சொன்னனீங்கள்? ஒவ்வொரு கிழமையும் ஒரு வாற ஞாயிறு இருக்கு, அண்ணை. ஸ்பானரை வையுங்கோ."

அதன்பிறகு எங்கள் பல்ப் பட்டப்பகலில்தான் எரிந்தது. சூரியன் சாய்ந்ததும் அண்ணை சாரத்தோடு ஏணியில் ஏறுவார். ஏணியைப் பிடிப்பது மாஸ்டர்.

எத்தனையோ ஊர் அலைந்துவிட்டேன். மலைமேல் நிற்கிற பெரிய காத்தாடிகளையும், வௌவாலுக்காகச் சில இடங்களில் அந்திநேரம் நிறுத்திவைக்கிறார்கள் என்று கேள்வி. நின்றுபோன ஒன்றைக் கண்டால் இப்போதும் அண்ணாந்து பார்ப்பேன், எங்கேயாவது ஒரு சாரம் தெரிகிறதா என்று.