கோட்டையைப் பிடித்த மீட்டர்காரர்

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதும் நம் ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் தூக்கம்தான். ஆறு நாள் ஊர்ப்படியெல்லாம் ஏறி இறங்கிய கால், ஏழாம் நாள் கட்டிலை விட்டு இறங்காது. அந்தத் தூக்கத்துக்குத்தான் அன்று மனைவி வேட்டு வைத்தாள்.

“பிள்ளைங்க கோட்டையைப் பார்க்கணும்னு ஒரே நச்சரிப்பு. நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க தூங்குங்க.”

இதோடு நிறுத்தியிருந்தால் அவர் திரும்பிப் படுத்திருப்பார்.

“உங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியப் போகுது?”

“நான் பிறந்த ஊருடி இது.”

“பிறந்தீங்க. சுத்திப் பார்த்தீங்களா?”

“மாசாமாசம் கோட்டைக்குள்ள போறவன் நான்.”

“மீட்டர் பார்க்க.”

உண்மைதான். வாசலிலிருந்து ஏழடி, இடப்பக்கம் ஒரு இரும்பு மூடி, அதன் கீழே மீட்டர். அதைத் தாண்டி அவர் போனதே இல்லை.

“ரெண்டையும் அழவிடாம கூட்டிட்டுப் போய், கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிக் கூட்டிட்டு வரேன். அப்ப என்ன சொல்லுவ?”

“உங்களை மாதிரி ஆளே இல்லைன்னு ஒத்துக்கறேன். முடியலைன்னாலும் பரவாயில்லை, இனிமே ஞாயித்துக்கிழமை எல்லாம் நானே கூட்டிட்டுப் போறேன்.”

மானப் பிரச்சினை ஆகிவிட்டது. கால் கட்டிலை விட்டு இறங்கியது.

கோட்டை வாசலிலேயே ஏழு வயதுப் பெரியவள் ஆரம்பித்தாள். “அப்பா, இதை யார் கட்டினது?”

அவர் வாசலில் இருந்த தகவல் பலகையைப் பார்த்தார். பலகையில் எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்தது. நாலு வயதுச் சின்னவன் கால் வலிக்குது என்று உதட்டைப் பிதுக்கினான். இன்னும் அரை நிமிஷம் போனால் அழுகை.

அப்போதுதான் சுவரோரம் ஓடிய கல் வாய்க்கால் அவர் கண்ணில் பட்டது.

“கட்டினவரை விடும்மா. ராஜா குளிச்ச தண்ணி எந்த வழியா வெளிய போச்சுன்னு காட்டட்டுமா?”

சின்னவன் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே குளியல் தொட்டிக்குப் போனார். சரிவு ஏன், அடைப்பு எங்கே வரும், எல்லாம் சொன்னார். சின்னவன் குப்புறப் படுத்து ஒவ்வொரு ஓட்டையிலும் கண்ணை வைத்தான். பின்னால் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். வாய்க்கால், நடுவில் வட்ட ஓட்டை போட்ட ஒரு கல் மேடையில் முடிந்தது.

“இது கக்கூஸ்,” என்றார்.

“ராஜாவும் இங்கதான் உட்கார்ந்தாராப்பா?”

“வேற எங்க உட்காருவார்?”

கூட்டம் சிரித்தது. கோட்டையின் வழிகாட்டி மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக அவர் காதருகே வந்தார்.

“சார், பதினஞ்சு வருஷமா இதை நான் சிம்மாசனம்னு சொல்லிட்டிருக்கேன்.”

“ஓட்டை எதுக்குன்னு யாரும் கேட்கலையா?”

“காத்து வரதுக்குன்னு சொல்லுவேன்.”

சின்னவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கோட்டையையே பிடித்துவிட்டவர் போல வீட்டுக்குள் நுழைந்தார். பெரியவள் மூச்சுவிடாமல் கதை சொன்னாள். மனைவி கட்டிலில் படுத்தபடியே முழுவதும் கேட்டாள். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

“ஒத்துக்கறேன். உங்களை மாதிரி ஆளே இல்லை.”

“இன்னொரு தடவை சொல்லு.”

இன்னொரு தடவையும் சொன்னாள். நெஞ்சு விரிந்ததில் அவருக்குச் சட்டை இறுக்கியது.

“அடுத்த வாரம் அருங்காட்சியகம். அதுக்கடுத்த வாரம் மணிக்கூண்டு. பிள்ளைங்க அப்பாதான் வேணும்னு சொல்லுதுங்க. உங்களை மாதிரி எனக்குச் சொல்ல வருமா?”

அவர் முகம் மெல்ல மாறியது. “அப்ப, நான் தோத்திருந்தா...”

“முதல்லயே சொன்னேனே, தூங்குங்கன்னு,” என்றபடி அவள் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.